ஆடிக்கு முன்னால் பிரித்த வீடு

என் கடைக்கு மனு எழுத வருகிறவர்களை நான் திட்டாமல் அனுப்பியதில்லை. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் கடை. வருகிறவர்கள் உட்கார்ந்ததும் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவார்கள். "பாதைத் தகராறு அண்ணாச்சி" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரனின் வேலியைத் தாங்களே பிடுங்கி எறிந்துவிட்டு வந்ததைச் சொல்ல மாட்டார்கள்.

"எழுதுதவன்கிட்ட ஒளிக்காதிய. நீரு மறைச்சதை எதிராளி தோண்டி எடுத்தாம்னா அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்று கத்துவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என் வாய்க்குப் பயந்தே பலர் உண்மையைக் கக்கிவிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான், நாற்பது வருடமாக ஒரு மனுவில் மட்டும் ஒரே ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன். அந்த மனு என் மதினியுடையது. என் அண்ணன் மனைவி.

எங்கள் ஊர் இன்று கிடையாது. துறைமுகத்துக்குப் போகிற லாரிச் சாலைக்கு அந்தப் பக்கம், உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே நாற்பது வீடுகள் இருந்தன. இப்போது அந்த இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி. உள்ளே இரும்புப் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. வேம்பார் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தப் பெட்டிகள்தான் தெரியும். நான் பார்க்க மாட்டேன். அந்த இடம் வருகிறபோது சில்லறை எண்ணுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். அண்ணன் உப்பு லாரி ஓட்டினான். கல்யாணமாகி மூன்றாம் வருடமே அப்பா வீட்டை விட்டுத் தள்ளி, தனக்கென்று ஒரு வீடு கட்டினான். ஆத்தூரில் பிறந்த மதினிக்கு, நினைத்த மாத்திரத்தில் வெற்றிலையும் வாய்க்கால் தண்ணீரும் கிடைத்த வாழ்க்கை. எங்கள் உப்புக் காற்றுக்கு வந்து அழாமல் குடித்தனம் பண்ணினாள். சங்கிலியை விற்று ஓடு வாங்கினாள். சுவருக்குக் கல் எடுத்துக்கொடுத்தவளும் அவள்தான், தரைக்குப் பால் சிமெண்டு போட்டுக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியவளும் அவள்தான். வீடு முடிந்தபோது கையில் தோல் இல்லை. "கொழுந்தனாரே, தரையில முகம் பாத்துச் சவரம் பண்ணிக்கிடலாம்" என்று என்னைக் கேலி செய்தாள். அப்போது எனக்கு மீசையே சரியாக வரவில்லை.

அந்த வீடு கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஊரைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. சரக்கு அடுக்கி வைக்க இடம் வேண்டுமாம். ஆவணி பிறக்கிற சமயத்துக்குள் எல்லோரும் போய்விட வேண்டும். மண்ணுக்குத் தனியாக, வீட்டுக்குத் தனியாக நஷ்டஈடு உண்டு. வீடு இழந்தவர்களுக்கு மட்டும், ஐந்து மைல் உள்ளே தள்ளி, புதுக் காலனியில் ஒரு மனை பட்டாவோடு கிடைக்கும்.

அந்த நில எடுப்பு வேலைக்கென்று டவுனில் திறந்த ஆபீசில் எனக்குத் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. இருபத்தொரு வயது. ஆள் இல்லையென்று எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் நான் அதைச் சொல்வேனா? சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு, சைக்கிளில் ஊருக்குத் திரும்பும்போது தாசில்தாரே வந்து இறங்குகிற மாதிரி இறங்குவேன். அப்பா வயதுக்காரர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "என்னப்பா, ஆபீசுல என்ன பேசிக்கிடுதாவ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் என் தலையைத் திருப்பிவிட்டது.

வைகாசியில் நில அளவைக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு எண் எழுதினார்கள். நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்பை நான்தான் டைப் அடித்தேன். வீட்டு எண், குடும்பத் தலைவர், ஓட்டு வீடு, கூரை வீடு என்று நாற்பது வரி. அண்ணன் வீடு பதினேழு. அதை அடித்து முடித்தவுடன் எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன்: வீடெல்லாம் கணக்கில் ஏறியாயிற்று. யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே!

எங்கள் ஆட்களுக்கு அப்போது இருந்த பெரிய கவலை அரசாங்கம் இல்லை, ஆடி மாதம். ஆடியில் குடி பெயர மாட்டார்கள். புது இடத்தில் பால் காய்ச்ச மாட்டார்கள். செத்தாலும் மாட்டார்கள். ஆவணி பிறக்கும்போது ஊரில் இருக்கக்கூடாது என்றால், ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும். ஆனியும் அரைகுறை மாதம்தான், ஆனால் ஆடிக்கு ஆனி தேவலை என்று அப்பா கடை வாசலில் கூடிப் பேசினார்கள். அப்படிப் போகிறபோது வீட்டையும் பிரித்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுப் போகிறவன் வாசல் நிலையையும் கதவையும் பனங்கை உத்திரத்தையும் அடுத்தவனுக்கு விட்டுவிட்டுப் போக மாட்டான். அது பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போவது மாதிரி.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "பிரிக்கிறது இருக்கட்டும். அதுக்குள்ள கவர்மெண்டு பாத்து எழுதிட்டாவளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பா கடையின் கல்லாப் பெட்டியில் சாய்ந்துகொண்டு, "எழுதியாச்சு. நீங்க தைரியமாப் போங்க" என்றேன்.

மதினி மட்டும் கூட்டம் கலைந்த பிறகும் விடவில்லை. வீட்டு நடையில் என்னை நிறுத்திக் கேட்டாள். "தம்பி, நிச்சயமா எழுதியாச்சா? நாங்க பிரிச்ச பெறவு வந்து பாத்து, இங்கன வீடே இல்லைன்னு சொல்லிற மாட்டாவளே?"

"என் கையாலே டைப் அடிச்சிருக்கேன் மதினி. நம்பர் பதினேழு, ஓட்டு வீடு. போதுமா?"

"போதும். நீ சொன்னா சரிதான்" என்றாள்.

தெரியாமல் சொன்னது ஒரு தப்பு. சின்ன வயசு, திமிர், ஏதோ உளறிவிட்டான் என்று விடலாம். இதற்குப் பிறகு நான் செய்ததை அப்படி விட முடியாது. ஆனி மாதம் கடைசி வாரத்தில் ஒரு கடிதம் டைப் அடிக்க வந்தது. கட்டட மதிப்பீட்டுக்காக இஞ்சினியர் எங்கள் ஊருக்கு வருகிற தேதி அதில் இருந்தது. ஆடி பத்தாம் தேதி வாக்கில் வந்து ஒவ்வொரு வீட்டையும் அளந்து, சுவர், மரம், ஓடு எல்லாவற்றையும் பார்த்து விலை போடுவார். அப்படியானால் சிவப்புப் பெயிண்டு வெறும் அடையாளம். வீட்டுக்கு விலை இனிமேல்தான்.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போனபோது பத்துக் குடும்பங்கள் மாட்டு வண்டி பேசி முடித்திருந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை, நல்ல நாள். அண்ணன் வீட்டில் ஓட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மதினி கீழே நின்று ஒவ்வொரு ஓடாக வாங்கி அடுக்கினாள். என்னைப் பார்த்ததும், "ஆபீசரு வாராரு, வழி விடுங்க" என்று சிரித்தாள்.

அந்த நிமிடம் வாயைத் திறந்திருக்க வேண்டும். "நிறுத்துங்க, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று நாலு வார்த்தை. பாதி ஓடு கூரையில்தான் இருந்தது. திரும்ப வைத்திருக்கலாம். ஆடியைத் தாண்டி இருக்க மாட்டோம் என்று அவர்கள் அடம்பிடித்திருக்கலாம், அது வேறு. ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நேற்று வரை பீடியைக் கீழே போட்டவர்கள் காறித் துப்புவார்களே என்று நினைத்தேன். ஒருவேளை இஞ்சினியர் சும்மா பேருக்கு வந்து பார்ப்பாராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நானும் ஓடு இறக்கினேன். அடப்பாவி!

அப்பா மட்டும் போகவில்லை. கடைச் சரக்கு விற்காமல் கிடந்தது. "யாவாரிக்கு ஆடி என்ன, ஆவணி என்ன" என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடற்கரை ஓரத்து மீன்பிடிக் குடும்பங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு ஆடி ஒரு பொருட்டில்லை, அவர்களும் இருந்தார்கள். இஞ்சினியர் வந்தபோது அந்த வீடுகளையெல்லாம் டேப் பிடித்து அளந்தார். பத்து வீட்டு இடங்களில் குட்டிச்சுவர்தான் இருந்தது. சிவப்பு எண்கூட ஏழெட்டுச் சுவரில் பாதிதான் மிஞ்சியிருந்தது.

அவர் கொடுத்த பட்டியலையும் நான்தான் டைப் அடித்தேன். பதினேழுக்கு நேரே அவர் எழுதியிருந்தது இரண்டே சொல்: காலி மனை. பக்கத்தில் இருந்த கிளார்க் அண்ணாச்சியிடம், "இவங்க வீட்டைப் பிரிச்சுக் கொண்டு போயிட்டாங்க சார், வீடு இருந்துச்சு" என்று மெல்லச் சொன்னேன். "யார் பிரிக்கச் சொன்னா?" என்று கேட்டார். நான் பேப்பரை மாற்றினேன்.

அவ்வளவுதான் கதை. அப்பாவுக்குக் காலனியில் மனை கிடைத்தது. அதில் கட்டிய வீட்டில் இன்று நான் இருக்கிறேன். அண்ணனுக்கு மண்ணுக்கு மட்டும் கொஞ்சம் பணம் வந்தது, மனை வரவில்லை. மதினி கொண்டு வந்த ஓடும் உத்திரமும் ஒரு உறவினர் தோட்டத்தில் மூன்று மழை நனைந்து உளுத்துப்போயின. பிறகு வாடகை வீடு. ஒரு வீட்டில் தண்ணீர் வராது, ஒரு வீட்டில் வீட்டுக்காரி வாய். அதற்குப் பிறகு எத்தனை வீடு மாறினார்கள் என்று எனக்கு நினைவில்லை. மதினிக்கு நினைவிருக்கும்.

அண்ணன் இறந்த பிறகு அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஆறு மாதம் இருந்தாள். என் மனைவி நல்லவள்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் மதினி அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "கோவம் ஒண்ணும் இல்ல தம்பி. எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தா நல்லாயிருக்கும்" என்றாள்.

அந்தத் தற்காலிக வேலை முடிந்ததும் நான் தாலுகா ஆபீஸ் எதிரே டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்தேன். பத்துக் குடும்பங்களின் மனுவையும் நான்தான் எழுதினேன். பைசா வாங்கவில்லை. நான் அடித்ததை ஆபீஸ்காரர்கள்தான் பிறகு மாற்றிவிட்டார்கள் என்று நம்பி, "பெரிய மனசுப்பா உனக்கு" என்று சொல்வார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அண்ணன் எந்நேரமும் லாரியில் இருந்ததால் மனு மதினி பெயரில்தான். முதல் மனுவுக்காக மதினியிடம் இழந்த சொத்து என்னென்ன என்று கேட்டு எழுதியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. விரல் விட்டுச் சொன்னாள். கல் சுவர் நாலு. பால் சிமெண்டுத் தரை. வடக்கே முருங்கை ஒன்று, காய்த்துக்கொண்டிருந்தது. கொடுக்காப்புளி ஒன்று. கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு. துணி துவைக்கிற கல்.

"கோழிக்கூடு, ஆட்டுக் கொட்டகை? அதையும் போடுவோம் மதினி. ரெண்டு ஆடும் செத்துப்போச்சுன்னு எழுதிருவோமா?"

"ஏன் சாகணும்? அதுக ரெண்டும் எங்கூடதானே நடந்து வந்துச்சு. நீ பாட்டுக்கு எதையாவது எழுதி வச்சுராதே. இல்லாததை எழுதினா இருக்கிறதும் போயிரும்" என்றாள்.

இப்படி ஒரு ஆடுகூடப் பொய்யாகச் சேர்க்க விடாதவளின் மனுவில்தான், வீட்டைப் பிரித்த காரணம் என்கிற இடத்தில் நான் எழுதினேன்: "ஆடி மாதத்தில் குடிபெயர்வது எங்கள் வழக்கமில்லை என்பதால் முன்கூட்டியே வீட்டைப் பிரித்துவிட்டோம்." அது உண்மை. முழு உண்மை இல்லை. ஆபீசில் வேலை பார்த்த ஒருவன், வீடு கணக்கில் ஏறிவிட்டது என்று சொன்னதை நம்பித்தான் பிரித்தோம் என்பது அதில் இல்லை. மதினிக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கைநாட்டு வைத்தாள்.

மனு திரும்பி வந்தது. 'தாமாகவே முன்வந்து கட்டடத்தை அகற்றியுள்ளதால் பரிசீலிக்க இயலாது.' மறுபடி எழுதினேன். மேலே எழுதினேன், இன்னும் மேலே எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அதே ஆடி. ஒவ்வொரு தடவையும் அதே பதில். ஒரு அதிகாரி சிரித்தேவிட்டார். "சகுனம் பார்த்ததுக்கெல்லாம் அரசாங்கம் நஷ்டஈடு கொடுக்க முடியுமா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாசலுக்கு வந்து அந்த ஆளைக் கண்டபடி திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கல்லவா தெரியும்.

வருடங்கள் போயின. பத்துக் குடும்பத்தில் சிலர் பிள்ளைகளோடு திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். சிலர் செத்துப்போனார்கள். சிலர், போதும்பா, விட்டுத் தொலை என்றார்கள். மதினி விடவில்லை. பணத்தைப் பற்றி அவள் பேசியே நான் கேட்டதில்லை. "அங்கன எனக்கு ஒரு வீடு இருந்துச்சுன்னு அவங்க எழுதணும் தம்பி. எழுதி, ஒரு மனைத் துண்டு கொடுக்கட்டும். சாகுறதுக்குள்ள ஒரு தடவை சொந்த வாசல்ல கோலம் போட்டுட்டுப் போறேன்" என்பாள்.

போன வருடம் அதற்கு ஒரு வழி பிறந்தது. பழைய நில எடுப்புக் கோரிக்கைகளையெல்லாம் கடைசியாக ஒருமுறை விசாரித்து முடித்துவிட வேண்டும் என்று உத்தரவாம். காலனியில் யாரும் வாங்காமல் கிடந்த நாலைந்து மனைகளும் இருந்தன. ஜெயித்தால் மனை, தோற்றால் கோப்பு மூடப்படும், அப்புறம் திறக்கவே முடியாது. மதினிக்கு நோட்டீஸ் என் கடை விலாசத்துக்கு வந்தது. நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு அவளோடு போனேன்.

விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி. என் மகள் வயதுதான் இருக்கும். மதினிக்கு நாற்காலி போடச் சொன்னார். அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, சர்வே நோட்டுல உங்க வீடு இருக்கு. பதினேழு, ஓட்டு வீடு. ரெண்டு மாசம் கழிச்சு மதிப்பீட்டுல காலி மனைன்னு இருக்கு. இடையில நீங்களே பிரிச்சிட்டீங்க. ஆடிக்கு முன்னாடி போகணும்கிறது எனக்கும் புரியுது, எங்க வீட்டுலயும் அப்படித்தான். ஆனா அதை வச்சு நான் உத்தரவு எழுத முடியாது. யாராவது உங்களைப் பிரிக்கச் சொன்னாங்களா? ஆபீஸ் ஆளுங்க யாராவது, 'வீட்டை எழுதியாச்சு, நீங்க போகலாம்'னு சொன்னாங்களா? அப்படிச் சொல்லியிருந்தா அது ஆபீஸோட தப்பு. அதை எழுதி, உங்களுக்கு நான் மனை கொடுக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. நாற்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி. நான் மதினியின் நாற்காலிக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். தாலுகா ஆபீஸ் எதிரே நாற்பது வருடம் சம்பாதித்த பெயர் கண் முன்னால் வந்தது. காலனியில் என்ன பேசுவார்கள், என் மகள் என்ன நினைப்பாள் என்று ஓடியது. மதினி சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லிவிட்டால், "ஆமாம்மா, அது நான்தான்" என்று தலையாட்டிவிடலாம். அவ்வளவு தைரியம் என்னிடம் இருப்பதாகத்தான் நினைத்தேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. மறந்தே போயிருப்பாளோ என்றும் நினைத்தேன்.

மதினி உடனே பதில் சொல்லவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதிகாரி அவசரப்படுத்தவில்லை. பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

கடைசியில், "யாரும் சொல்லலைம்மா. நாங்களாத்தான் பிரிச்சோம்" என்றாள்.

அதிகாரி என்னையும் ஒருமுறை பார்த்தார். "நீங்க என்ன உறவு? நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"கொழுந்தன். மனு எழுதினது நான்தான்" என்றேன். சொல்லிவிட்டுக் கோப்பின் நாடாவை இழுத்துக் கட்டினேன். அவர் பேனாவை மூடினார்.

இருபது நாளில் பதிவுத் தபாலில் உத்தரவு வந்தது. உறையைப் பிரிக்காமலே தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லா உத்தரவையும் வாசித்துக் காட்டுவது என் வேலையாயிற்றே. மதினி இப்போது இருக்கிற ஒற்றை அறை வாடகை வீட்டுக்குப் போனேன். வாசித்தேன். 'எவருடைய தூண்டுதலும் இன்றித் தாமாகவே அகற்றியதாக மனுதாரரே ஒப்புக்கொண்டுள்ளதால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, கோப்பு முடித்துவைக்கப்படுகிறது.' மதினி தலையை ஆட்டினாள். "சரி. முடிஞ்சுபோச்சு" என்று எழுந்து கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஒரு சேலையையே மூன்று தடவை உதறி மடித்தாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நேரே கடைக்கு வந்து, என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்காக ஒரு மனு அடித்தேன். நான்தான் சொன்னேன், என் பேச்சை நம்பித்தான் பத்துக் குடும்பமும் வீட்டைப் பிரித்தது, இஞ்சினியர் வருவது தெரிந்த பிறகும் நான் சொல்லாமல் மறைத்தேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு அந்த அதிகாரியிடம் ஓடினேன்.

நின்றபடியே வாசித்தார்.

"உத்தரவு போட்டாச்சு ஐயா. இனி நான் தொட முடியாது. மேலே போனாலும், விசாரணையில ஏன் சொல்லலைன்னுதான் முதல்ல கேப்பாங்க" என்றார். பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டிக்கொண்டே, "நான் கேட்டப்போ நீங்க அங்கதானே நின்னீங்க?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் காகிதத்தோடு மதினி வீட்டுக்குத் திரும்பப் போனேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அறுபது தாண்டின ஆள் அழக்கூடாது என்று இல்லையே, அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் சொன்னது, இஞ்சினியர் கடிதம் வந்தது, தெரிந்துகொண்டே ஓடு இறக்கினது. முடித்த பிறகு கேட்டேன்.

"கூட்டத்துல நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா மதினி?"

"மறக்கக்கூடியதா அது? நடையில நிறுத்தி நான்தானே கேட்டேன்."

"அப்புறம் ஏன் அந்தம்மாகிட்ட யாரும் சொல்லலைன்னு சொன்னிய? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு மனை உங்க கையில இருக்குமே!"

மதினி மடித்து வைத்திருந்த சேலைகளைப் பெட்டிக்குள் வைத்தாள். மூடியை அழுத்திச் சாத்தினாள். குரலில் கோபம் இல்லை.

"எனக்குப் பின்னால நீ நின்னுக்கிட்டு இருந்தேல்லா. எவ்வளவு நேரம் பேசாம இருந்தேன், பாத்தேல்லா. நீ சொல்லுவேன்னுதான் இருந்தேன். நீ சொல்லலை. நான் சொன்னா அது உன்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி தம்பி. உங்க அண்ணன் ஆஸ்பத்திரியில கிடக்கும்போது எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. 'தான் செஞ்சது அவனுக்குத் தெரியும், என்னைக்காவது அவனாச் சொல்லுவான், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே'ன்னு."

அண்ணன் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் கடைசி ஒரு வாரமும் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது நான்தான்.